வயரிங் வேலைக்குப் பிறகு பிரிட்ஜ் எரிந்தால் யார் பொறுப்பு? வன்னியில் கிடைக்கிற மின்வேலைச் சேவைகள்: ஒரு மதிப்பீடு

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ மல்லாவியிலோ வயரிங் வேலைக்கு ஆள் பிடிப்பது இப்போது கஷ்டமில்லை. ஹார்ட்வெயார் கடையில் கேட்டால் ஒரு தொலைபேசி இலக்கம் தருவார்கள், பக்கத்து வீட்டில் கேட்டால் இன்னொன்று. பொயின்ற் கணக்கில் கூலி பேசுகிறோம். கேசிங் நேராகப் போயிருக்கிறதா, சுவிச் போர்ட் சரியாமல் நிற்கிறதா என்று பார்த்து, நல்ல வேலைகாரன் என்று பெயரும் கொடுத்துவிடுகிறோம். வேலை முடிந்த அன்று பின்னேரமே பிரிட்ஜ் எரிந்தால் அந்த ஆள் என்ன செய்வார் என்று மட்டும் யாரும் முதலில் கேட்பதில்லை. இந்த மதிப்பீடு அந்தக் கேள்வியை வைத்தே எழுதப்படுகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வேலைக்கு முன்னும் பின்னும் மீற்றர் வைத்து அளந்து, அளந்ததைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிற தனி எலக்றீசியன்தான் வன்னியில் எடுக்கக்கூடிய ஆகத் திறமான சேவை. கூலி கூடக் கேட்டாலும் கொடுக்கலாம். கடை அனுப்புகிற ஆள், கடைக்காரர் பொறுப்பை எழுத்தில் எடுக்காதவரை, கடைசித் தெரிவு. சோலார், ஏசி பூட்டுகிற நிறுவனங்களின் குழுக்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. ஏன் இப்படி வரிசைப்படுத்துகிறோம் என்பது விளங்க, சாமான் எப்படி எரிகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பொறுப்பைக் கதைத்தால் சண்டைதான் மிஞ்சும்.

முதல் சந்தேகம் நியூற்றல் மேல்

வேலைக்குப் பிறகு ஒரே நேரத்தில் ரிவி, ரவுட்டர், எல்ஈடி லைற் எல்லாம் சேர்ந்து போனால் முதலில் பார்க்க வேண்டியது நியூற்றல், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற வயர். கரண்ட் வருகிற வயர் பேஸ். இலங்கையில் ஒற்றைப் பேஸ் 230 வோல்ற். 6 வீதம் ஏறலாம், இறங்கலாம். அதாவது 216 முதல் 244 வரை. இரண்டு பேஸுக்கு இடையில் 400 வோல்ற். மூன்று பேஸ் எடுத்த வீட்டிலும் கடையிலும் அரிசி ஆலையிலும் ஒவ்வொரு சேர்கிட்டும் ஒரு பேஸுக்கும் நியூற்றலுக்கும் நடுவில் நிற்கிறது. டிபி போர்ட்டில் (கரண்ட்டைச் சேர்கிட்டுகளுக்குப் பிரிக்கிற பெட்டியில்) மெயின் நியூற்றல் கழன்றால் நடப்பதைக் கணக்காகவே பார்க்கலாம்.

ஒரு பேஸில் 2000 வோற்ஸ் கேத்தில் ஓடுகிறது. இன்னொரு பேஸில் ரிவி, ரவுட்டர், லைற் எல்லாம் சேர்ந்து 200 வோற்ஸ். மூன்றாவது பேஸில் ஒன்றும் இல்லை. நியூற்றல் விட்டவுடன் இந்த இரண்டு பக்கமும் 400 வோல்ற்றுக்குக் குறுக்கே ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. கேத்திலின் தடை 26 ஓம் அளவு, மற்றப் பக்கம் 264 ஓம் அளவு. தடை கூடிய பக்கம்தான் வோல்ற்றேஜைப் பிடித்துக்கொள்ளும். கேத்திலுக்குக் கிடைப்பது 36 வோல்ற், ரிவி பக்கத்துக்கு ஏறத்தாழ 364. தண்ணீர் ஏன் கொதிக்கவில்லை என்று ஒருவர் குசினிக்குள் பார்த்துக்கொண்டிருக்க, விறாந்தையில் ரிவி புகைந்துவிடும். கரண்ட் கூடினால் தானே விழுகிற சுவிச்சான எம்சிபி விழாது, ஏனென்றால் கரண்ட் கூடவில்லை. ட்ரிப் சுவிச்சும் விழாது, ஏனென்றால் ஏர்த்துக்கு (நிலத்துக்கு) கரண்ட் ஒழுக்கு இல்லை. "ட்ரிப் சுவிச் இருந்தும் எரிந்துவிட்டதே, அப்ப லைனில்தான் பிழை" என்று சொல்கிற எலக்றீசியனுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இதனால்தான் நியூற்றலை முதலில் பூட்டு, கடைசியாகக் கழற்று என்பது தொழிலில் மீறக்கூடாத விதி. லைனுக்கும் ஜெனரேற்றருக்கும் மாற்றுகிற நாலு போல் சேஞ்ச்ஓவர் சுவிச் வாங்கும்போதும் அதன் நியூற்றல் தொடுகை முதலில் சேர்ந்து கடைசியாகப் பிரிகிற வகையா என்று கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்த ஆபத்து வயரின் நிறம். பழைய முறையில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ், கறுப்பு நியூற்றல். புதிய முறையில் மண்ணிறம், கறுப்பு, சாம்பல் பேஸ், நீலம் நியூற்றல். முதல் கட்டிய பகுதி பழைய நிறத்திலும் பிறகு நீட்டிய அறை புதிய நிறத்திலும் உள்ள வீடுகள், கடைகள் இங்கே தாராளம். நீலத்தைக் கண்டதும் நியூற்றல் என்று பிளக் பொயின்ற்றில் பூட்டினால், அந்தப் பொயின்ற்றில் 400 வோல்ற் நிற்கும். நிறத்தை நம்பிப் பூட்டியதால் வந்த சேதத்துக்குப் பூட்டியவரே முழுப் பொறுப்பு. வீட்டுக்காரர் அதில் பங்கெடுக்க ஒரு நியாயமும் இல்லை. ஒரு மல்ரிமீற்றரும் அரை நிமிடமும் இருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய பிழை அது.

ஒற்றைப் பேஸ் வீட்டில் கதை வேறு. வீட்டுக்குள் நியூற்றல் கழன்றால் கூடுதல் வோல்ற்றேஜ் வராது, எல்லாம் அணைந்துபோகும். ஆனால் கழன்ற நியூற்றல் வயரைத் தொட்டால் ஷொக் அடிக்கும், சுவிச் போட்டிருக்கிற சாமான் வழியாக அதற்குப் பேஸ் வந்து நிற்கும். ஒற்றைப் பேஸ் வீட்டுக்கு 300க்கு மேல் வோல்ற்றேஜ் வந்தது என்றால், அது பெரும்பாலும் போஸ்ற் பக்கம் நாலு வயர் லைனின் நியூற்றல் அறுந்ததாலோ, மீற்றர் மாற்றும்போது வயர் மாறிப் பூட்டியதாலோ வந்தது. வீட்டு எலக்றீசியன் தலையில் அதைக் கட்டுவது அநியாயம்.

இளகிய நியூற்றலைக் கண்டுபிடிக்க விலை கூடிய கருவி தேவையில்லை. மெயின் சுவிச்சின் வெளிச்செல்லும் பக்கத்தில் பேஸ்–நியூற்றல், பேஸ்–ஏர்த், நியூற்றல்–ஏர்த் மூன்றையும் அளந்து எழுதுங்கள். பிறகு 2 கிலோவோற் கேத்திலைப் போட்டுத் திரும்ப அளவுங்கள். பேஸ்–நியூற்றல் நன்றாக இறங்கி, பேஸ்–ஏர்த் இறங்காமல் நின்று, நியூற்றல்–ஏர்த் ஏறினால் பிழை நியூற்றல் வழியில். பேஸ்–நியூற்றலும் பேஸ்–ஏர்த்தும் சேர்ந்து இறங்கினால் பிழை பேஸ் வழியில். மெயினில் இப்படி இறக்கம் தெரிந்தால் பிழை மெயினிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. மெயினில் நன்றாக இருந்து பிளக் பொயின்ற்றில் மட்டும் இறங்கினால் வீட்டு வயரிங்கில். இந்த ஆறு எண்கள் கையில் இருந்தால் பொறுப்பு யாருடையது என்ற வழக்கில் பாதி முடிந்த மாதிரி.

ஸ்குறூவும் சாட்சி சொல்லும்

டிபியின் மூடியைக் கழற்றி நியூற்றல் பாரை, அதாவது நியூற்றல் வயர்கள் எல்லாம் சேர்த்துப் பூட்டுகிற உலோகத் துண்டை, பாருங்கள். மற்ற ஸ்குறூக்கள் பித்தளை மஞ்சளாக இருக்க ஒன்று மட்டும் கறுத்து, சுற்றிலும் ஊதா படர்ந்திருக்கும். அதில் பூட்டிய வயரின் உறை நுனியிலிருந்து இரண்டு விரல்கடைக்குக் கருகி விறைத்திருக்கும், வளைத்தால் வெடிக்கும். வயர் 7/0.67, அதாவது 0.67 மில்லிமீற்றர் தடிப்பில் ஏழு இழை. ஓட்டைக்குள் போயிருப்பது நாலு இழை. மிச்சம் மூன்றையும் இடம் போதாதென்று வெட்டி விட்டிருப்பார்கள். இந்தக் கறுப்பு ஒரு நாளில் வருவதில்லை. மாதக் கணக்காகச் சூடாகித்தான் வரும். ஆகவே நேற்று வந்த எலக்றீசியன் செய்த பிழை இது இல்லை.

அதே பாரில் ஸ்குறூவின் வாயில் திருப்புளி புதிதாகக் கீறிய வெள்ளைக் கோடு இருந்து, வயர் கையால் இழுத்தாலே வந்தால், அது புது வேலை. இழை பளபளப்பாக, உறை சுத்தமாக, ஸ்குறூ உறையின் மேலேயே இறுகியிருந்தால் அதுவும் புது வேலை: வயர் உரித்தது போதாது, செம்பு தொடவில்லை.

இங்கே எங்கள் தீர்ப்பு ஒன்று உண்டு, சிலர் மாறுபடக்கூடும். யார் டிபி மூடியைத் திறக்கிறாரோ, அவர் ஒரு சேர்கிட் பூட்டத்தான் வந்திருந்தாலும், நியூற்றல் பாரின் எல்லா ஸ்குறூவையும் இறுக்கிப் பார்க்கக் கடமைப்பட்டவர். பழைய கருகலைக் கண்டால் படம் எடுத்து வீட்டுக்காரருக்குக் காட்டி எழுதிவிட வேண்டும். எழுதினால் அந்தப் பழுது அவருடையதில்லை. கண்டும் சொல்லாமல் மூடியைப் பூட்டிவிட்டுப் போனால், பிழை பழையது என்றாலும் சேதத்தில் அவருக்கும் பங்கு உண்டு.

எரிந்த சாமானை வாசிப்பது

ரிப்பேர் கடைக்குக் கொடுக்க முன் சாமானைத் திறந்து படம் எடுப்பியுங்கள். ரிவி, இன்வேர்ட்டர் பிரிட்ஜ், வொஷிங் மெஷின் போர்ட்களில் கரண்ட் நுழைகிற இடத்தில் நீலமோ மஞ்சளோ நிறத்தில் வட்ட வில்லை ஒன்று நிற்கும்: வேரிஸ்டர். பலவற்றில் 471 என்று அடித்திருக்கும், அதாவது 470 வோல்ற் அளவில் கடத்தத் தொடங்கும். 364 வோல்ற் ஏசியின் உச்சம் 515. ஆகவே நியூற்றல் போன வீட்டில் அந்த வில்லை பிளந்து கருகியிருக்கும், பக்கத்துக் கண்ணாடிப் பியூஸ் உள்ளே கறுத்திருக்கும், 400 வோல்ற் கப்பாசிற்றரின் தலை வீங்கியோ வெடித்தோ இருக்கும். வேறுவேறு சேர்கிட்டில் நின்ற இரண்டு மூன்று சாமானில் இதே அடையாளம் இருந்தால் கூடிய வோல்ற்றேஜ் என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம்.

மின்னல் வேறு விதமாக வரும். டிஷ் வயர் பூட்டிய பெட்டி, ரிவியின் எச்டிஎம்ஐ வாய், ரவுட்டரின் கேபிள் வாய் என்று சிக்னல் வழியாக எரித்துப் போகும். பவர் பகுதி நன்றாகவே இருக்கலாம். சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடி முழங்கிய இரவுக்கு அடுத்த நாள் எரிந்ததற்கு எலக்றீசியனைப் பிடிக்க முன் இதைப் பாருங்கள்.

பழைய வகைப் பிரிட்ஜின் கொம்பிரசர் கருகுவது அநேகமாகக் குறைந்த வோல்ற்றேஜாலும், கரண்ட் போய்ப் போய் வருவதாலும். நின்ற கொம்பிரசர் திரும்ப ஓட அழுத்தம் சமப்பட வேண்டும். அதற்கு 3 நிமிடம் விட வேண்டும். வேலை செய்கிற ஆள் பிரிட்ஜைக் கழற்றாமல் எம்சிபியைப் போட்டுப் போட்டு அணைத்துப் பார்த்தால் அந்தக் கொம்பிரசர் அவர் கணக்கில்தான்.

கடைசியாக மெகர். இன்சுலேசன் பார்க்க 500 வோல்ற் டிசி கொடுக்கிற கருவி. ரிவி, எல்ஈடி லைற், சேர்ஜ் அரெஸ்ரர் (மின்னல் அடியை ஏர்த்துக்குத் திருப்புகிற காப்பு) எல்லாம் பூட்டியபடி இருக்க மெகர் போட்டால் சில சாமான் அங்கேயே செத்துவிடும், மற்றப்படி அளவே பிழையாக வரும். மெகர் வைத்திருக்கிற ஆள் நல்ல ஆள் என்பது உண்மை. ஆனால் எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து இழுத்துவிட்டுப் போடுகிறாரா என்று பாருங்கள். சுவிச்சை அணைத்தால் மட்டும் போதாது, அது பேஸை மட்டும்தான் வெட்டும்.

இனிச் சேவைகள்

தனி எலக்றீசியன். இவர்களுக்குள்ளும் மேடு பள்ளம் பெரிது. தேசிய தொழில் தகைமை மூன்றாம், நாலாம் மட்டச் சான்றிதழ் வைத்திருக்கிறாரா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். அதைவிடப் பெரிய சோதனை, வந்தவுடன் பையிலிருந்து எதை எடுக்கிறார் என்பது. ரெஸ்ரர் திருப்புளி மட்டும் என்றால் நன்றி சொல்லி அனுப்பலாம், அது பேஸ் இருக்கிறதா என்று மட்டும் காட்டும், நியூற்றல் நல்லதா என்று காட்டாது. மல்ரிமீற்றர் குறைந்தபட்சம். மெகரும் ட்ரிப் சுவிச் ரெஸ்ரரும் இருந்தால் அவரை விடாதீர்கள். 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச் அந்தக் கரண்ட்டில் 300 மில்லிசெக்கன்ட்டுக்குள் விழ வேண்டும், ஐந்து மடங்கில் 40க்குள். பட்டனை அமத்திப் பார்ப்பது உள்ளே பொறி வேலை செய்கிறதா என்பதை மட்டும் காட்டும், உங்கள் ஏர்த் நல்லதா என்பதைக் காட்டாது.

இவரின் பலம், ஒரே ஆள்: பேசியவர், பூட்டியவர், பொறுப்பானவர் மூவரும் ஒருவரே. வீடும் ஊருக்குள்ளே. பலவீனம், தாள் தருவதில்லை; தொலைபேசியில் பேசியதுதான் ஒப்பந்தம். தாள் கேளுங்கள். தரத் தயங்குகிறவரிடம் கூலியில் ஒரு பங்கைக் கிழமை கழித்துத் தருவதாகப் பேசலாம்.

கடை அனுப்புகிற ஆள். வயரும் எம்சிபியும் கடையில், ஆளும் கடை வழியாக. வசதிதான். எரிந்த பிறகு ஆள் சொல்வார் சாமான் பிழை, கடை சொல்லும் பூட்டியது பிழை. பூட்டிய வேலை பில்லில் இல்லை, ஏனென்றால் பில்லில் இருப்பது வயர் மட்டும். இதை எடுக்கத்தான் வேண்டும் என்றால் பில்லில் "பொருத்தும் கூலி" என்று ஒரு வரி ஏற்றச் சொல்லுங்கள். அந்த ஒரு வரியோடு கடை, சேவை வழங்குநர் ஆகிவிடும். ஏற்ற மறுக்கிற கடையில் வயரை வாங்கி ஆளை வேறிடத்தில் பிடியுங்கள். கடைகளில் 7/0.67 என்று கேட்டு வாங்குவது 2.5 சதுர மில்லிமீற்றர். அதற்கு 32 அம்பியர் எம்சிபி போட்டு (வளையமாகத் திரும்பி வராமல்) ஒற்றை வழியாக இழுக்கிற வேலையைக் கண்டால் அங்கேயே நிற்பாட்டுங்கள், 20 போதும். வீட்டுக்காரர் தானே மலிவுச் சாமான் வாங்கிக் கொடுத்தால் அந்தச் சாமானின் குறை வீட்டுக்காரர் பக்கம். பார்த்தவுடன் பொருந்தாது என்று தெரிகிற சாமானை மறுக்காமல் பூட்டியிருந்தால் பூட்டியவரும் சேர்த்தி.

சோலார், ஏசி குழுக்கள். தாள் விசயத்தில் இவர்களே முன்னுக்கு: பெயர், முத்திரை, உத்தரவாதம், அளவு எல்லாம் அச்சில். குறை, தங்கள் பிரேக்கரோடு பொறுப்பு முடிந்தது என்கிறார்கள். ஆனால் அந்தப் பிரேக்கருக்குக் கரண்ட் எடுக்க உங்கள் டிபியைத் திறந்தவர்கள் அவர்களே. "டிபி திறக்கப்பட்டது, நியூற்றல் பார் இறுக்கப்பட்டது" என்று அவர்கள் தாளில் கையால் எழுதச் சொல்லுங்கள். சோலார் என்றால் இன்னொன்று: ட்ரான்ஸ்போமரிலிருந்து தூரத்து லைனில் நண்பகலில் வோல்ற்றேஜ் ஏறும். பூட்ட முன்னமே மத்தியானம் 240க்கு மேல் நிற்கிற வீட்டில், பூட்டிய பிறகு 244ஐத் தாண்டும், இன்வேர்ட்டரும் அடிக்கடி விழும். காலையில் வந்து அளந்துவிட்டுப் போகிற குழுவை நம்ப வேண்டாம். இடைத்தேர்வாக இவர்களை வைப்பதற்கு இன்னொரு காரணம், கூப்பிட்டால் யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஆள் வர வேண்டும்.

மோட்டர் வேலைக்காரர். தோட்டக் கிணறும் ஆலையும் உள்ள இடத்தில் இவர்கள் தனி உலகம். மூன்று பேஸ் மோட்டரில் ஒரு பேஸ் போனால் மிச்சம் இரண்டிலும் கரண்ட் ஏறத்தாழ 1.7 மடங்காகும், கரண்ட் கூடினால் மோட்டரை நிறுத்துகிற ஓவர்லோட் ரிலே, மோட்டரின் பெயர்த்தகட்டில் உள்ள அம்பியருக்கு வைக்கப்பட்டிருந்தால் விழுந்து காப்பாற்றும். சிறுபோகத்தில் தண்ணீர் இறைக்கும் அவசரத்தில் "விழுந்து விழுந்து நிற்குது" என்று ரிலேயின் அம்பியர் திருகியைக் கூட்டி வைத்தவரே, மோட்டர் கருகினால் பொறுப்பு. அது வீட்டுக்காரராகவும் இருக்கலாம். பழுது பார்த்த பிறகு மோட்டர் மறுபக்கம் சுற்றினால் தண்ணீர் குறைவாக வரும், ஆலையின் எலிவேற்றர் அடைக்கும். கழற்ற முன் மூன்று வயருக்கும் ரேப் சுற்றி 1, 2, 3 என்று எழுதாதவர் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். பேஸ் பெயிலியர், பேஸ் வரிசை இரண்டையும் பார்க்கிற ரிலே ஒன்று ஸ்ரார்ட்டரில் இருப்பது அவசியம்.

வாடகை ஜெனரேற்றர். வற்றாப்பளைப் பொங்கல் மாதிரிப் பெரிய திருவிழாவிலிருந்து கலியாண வீடு வரை ஜெனரேற்றர் ஒருவருடையது, ஸ்பீக்கர் செற் இன்னொருவருடையது, லைற் மூன்றாமவருடையது. அம்பிளிபயர் எரிந்தால் மூவரும் ஒருவரை ஒருவர் காட்டுவார்கள். பிரிப்புப் பெட்டியில் வயரைப் பூட்டியவர் யாரோ அவர்தான் பொறுப்பு என்று முதல் நாளே மூவருக்கும் முன்னால் பேசி முடியுங்கள். ஒவ்வொரு பிளக்கிலும் வோல்ற்றேஜ் அளந்த பிறகே செற்றைப் பூட்ட வேண்டும்.

தாள் எப்படி இருக்க வேண்டும்

ஒரு பக்கம் போதும். இதைப் பார்த்தெழுதலாம்:

"திகதி. வேலை தொடங்க முன் மெயினில்: பேஸ்–நியூற்றல், பேஸ்–ஏர்த், நியூற்றல்–ஏர்த் வோல்ற். வேலை செய்துகொண்டிருந்த சாமான்கள். நான் செய்த வேலை. நான் கண்ட பழைய பழுதுகள். வேலை முடிந்தபின் அதே மூன்று அளவு, இன்சுலேசன் எத்தனை மெகாஓம், ட்ரிப் சுவிச் எத்தனை மில்லிசெக்கன்ட். என் பூட்டலின் பிழையால் இத்தனையாம் திகதிக்குள் சாமான் பழுதானால் திருத்தும் செலவை ஏற்கிறேன். மின்னல், லைன் கோளாறு, வேறொருவர் டிபியைத் திறந்தது இதில் அடங்காது."

இன்சுலேசன் 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் கரண்ட் கொடுக்கவே கூடாது. புது வயரிங் என்றால் அதைவிட எவ்வளவோ கூட வர வேண்டும். கரண்ட் கொடுக்கும்போதும் ஒழுங்கு உண்டு. முதலில் ஒவ்வொரு பொயின்ற்றிலும் ஒரு பழைய 60 வோற்ஸ் குமிழ் பூட்டி அளக்க வேண்டும், பிறகு மலிவான சாமான், கடைசியாகப் பிரிட்ஜ். எரிந்தால் குமிழ் எரியட்டும்.

தாளோடு படமும் வேண்டும்: மூடி திறந்த டிபி, வேலைக்கு முன் ஒன்று, பின் ஒன்று, மீற்றர் முத்திரை ஒன்று. மீற்றர் முத்திரையை எந்த எலக்றீசியனும் உடைக்க விடாதீர்கள். உடைத்தவர் போய்விடுவார், கரண்ட் பில்லில் பெயர் உள்ளவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

காப்புச் சாமான்: டிபிக்குள் பூட்டுகிற 63 அம்பியர் வோல்ற்றேஜ் புரொடெக்டர் இப்போது பல ஹார்ட்வெயார் கடைகளில் இருக்கிறது. நியூற்றல் போகும் ஆபத்துக்கு இது நல்ல மருந்து, வாங்கலாம். மேல் எல்லை 255, கீழ் எல்லை 185, திரும்பப் போட 180 செக்கன்ட் என்று வையுங்கள். மலிவு வகைகளில் 63 என்று எழுதியிருந்தாலும் 40 அம்பியருக்கு மேல் தொடர்ந்து ஓடவிடக்கூடாது. உள் ரிலேயின் தொடுகை ஒட்டிக்கொண்டால், திரையில் எண் காட்டும், வெட்டாது. மூன்று பேஸ் வீட்டுக்கு மூன்று பேஸ் வகையே வேண்டும். மின்னலுக்கு இது உதவாது. அதற்கு 275 வோல்ற் வகை சேர்ஜ் அரெஸ்ரர் தனியாக, ஏர்த் வயர் அரை மீற்றருக்குள். அரெஸ்ரர் மட்டும் பூட்டிவிட்டு எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு என்று சொல்லி விற்பது பிழை: 364 வோல்ற் நிமிடக் கணக்காக நின்றால் முதலில் எரிவது அந்த அரெஸ்ரர்தான்.

எரிந்த பிறகு

மெயினை அணையுங்கள். பக்கத்து வீடு இரண்டில் கேளுங்கள். அவர்களுக்கும் எரிந்திருந்தால் மின்வழங்குநரின் 1987 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாட்டு இலக்கம் எடுத்து, எல்லா வீட்டுச் சாமான் பட்டியலோடும் பகுதி மின்பொறியியலாளர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். மீற்றர் வரை மின்வழங்குநர், மீற்றருக்குப் பிறகு வீட்டுக்காரர் என்பதுதான் எல்லை. அங்கே சரிவராவிட்டால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

உங்கள் வீட்டில் மட்டும் என்றால் வேலை செய்தவரைக் கூப்பிட்டு அவர் கண்முன்னால் டிபியைத் திறவுங்கள். வேறொருவர் முதலில் திறந்தால் சாட்சி கலைந்துவிடும். எலக்றீசியனுக்கும் அது அநியாயம். ரிப்பேர் கடையில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், கழற்றிய போர்ட்டை வாங்கி வையுங்கள். கம்பனி உத்தரவாதத்தை நம்பி இருக்க வேண்டாம். வோல்ற்றேஜ் கோளாறையும் மின்னலையும் பெரும்பாலான உத்தரவாதத் தாள்கள் விலக்கியே வைத்திருக்கும்.

கேட்க நியாயமானது திருத்தும் செலவு. திருத்த முடியாது என்றால் அதே வயதுச் சாமானின் விலை, புதுச் சாமானின் விலையல்ல. ஏழு வருடப் பிரிட்ஜுக்குப் புதுப் பிரிட்ஜ் கேட்டால் ஒத்துக்கொள்ள இருந்த ஆளும் ஒதுங்கிவிடுவார்.

பேசி முடியாவிட்டால் இரண்டு வழி. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, தொலைபேசி 1977: 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது, பில் உள்ள கடைக்கும் நிறுவனத்துக்கும் எதிராக இதுவே நேரான வழி. நாளைக் கடத்தாமல் எழுத்தில் கொடுங்கள். தனி எலக்றீசியன் என்றால் மத்தியஸ்த சபை பொருத்தம். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. சட்டத்தரணி வைத்து வாதாட இடமில்லை, ஆகவே செலவும் பெரிதாக வராது, இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் தீர்வு. அங்கே போகும்போது அளந்த தாள், டிபி படம், ரிப்பேர் கடைக் குறிப்பு, எரிந்த போர்ட் நாலையும் ஒரு பையில் கொண்டுபோங்கள்.